மணிமேகலையைக் காணவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம். பக்கத்தில் பெரியப்பா பையன். முதல் விளம்பர இடைவேளை வருவதற்குள்ளேயே, "டேய், நாவல்ல இப்படி இல்லையேடா" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது நான் சொல்ல வேண்டிய வசனம்! அவர் படித்ததோ 'சுழற்காற்று' வரைக்கும்தான். மிச்சத்தை யூடியூபில் யாரோ படிக்கக் கேட்டாராம், அதுவும் வண்டி ஓட்டிக்கொண்டே. நானோ தாத்தா பைண்டு பண்ணி வைத்த தொடர்கதையில், எலி தின்ற பக்கங்களை ஊகித்து ஊகித்துப் படித்தவன்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மணிமேகலை.

2022இல் ஒன்று, 2023இல் ஒன்று, ஆக மொத்தம் ஐந்தரை மணி நேரப் படம். அதில் கடம்பூர் மாளிகை இருக்கிறது. சம்புவரையர் இருக்கிறார். கந்தமாறன் இருக்கிறான். அவன் தங்கை மட்டும் எங்கே போனாள்? அண்ணன் புகழ்ந்து பேசிய நண்பன் வந்தியத்தேவனை, முகம் பார்க்கும் முன்பே மனசில் வரித்துக்கொண்ட பெண். அண்ணனே பிற்பாடு பேச்சை மாற்றிப் பெரிய இடமாகப் பார்த்தபோதும் அசையவில்லை. இளவரசன் கரிகாலன் செத்ததும் "நான்தான் கொன்றேன்" என்று பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். கடைசியில் வந்தியத்தேவன் மடியில்தான் உயிரை விட்டாள். படத்தில் அந்த மடி காலி. வந்தியத்தேவனாக வரும் கார்த்தி பாட்டுக்குக் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார்.

கல்லூரி நாளிலேயே நான் இந்த வேஷத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. வருஷா வருஷம் நடிகையை மாற்றினேன். அவர்களெல்லாம் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, இப்போது கதாநாயகனுக்கு அம்மாவாக வருகிறார்கள். புடவை நிறம், கடம்பூர் மாளிகையில் அவள் வந்தியத்தேவனை ஒளித்து வைக்கும்போது விளக்கு எந்தப் பக்கம் எரிய வேண்டும் என்பது வரை மனசில் தயார். மணிரத்னம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நேரமில்லை என்பார்கள். யானைக்கு நேரம் இருந்தது, கப்பலுக்கு இருந்தது, ஜெயராம் குடுமியை ஆட்டி ஆட்டிப் பேச இருந்தது. ஒரு பெண் அழுதுவிட்டுச் சாவதற்கு நாலு நிமிஷம் கிடைக்கவில்லையா?

மகேந்திரன் 1979இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தபோது, புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை விட்டு எவ்வளவு தூரம் போனார் என்று எவனாவது கேட்டானா? 'சிற்றன்னை'யைப் படித்தவன் இருந்தால்தானே கேட்பதற்கு! கல்கி பாவம், எல்லோரும் படித்துவிட்டார்கள். 1954இல் கதையை முடித்த கையோடு, அப்புறம் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று துளைத்த வாசகர்களுக்கு முடிவுரை வேறு எழுத வேண்டியிருந்தது மனுஷருக்கு. அந்த வம்சம்தான் நாங்கள்.

முக்கியமான விஷயம் என்றேனே, அதற்குள் சேந்தன் அமுதன் ஞாபகம் வந்துவிட்டது. நாவலில் அரியணை ஏறுகிறவனே அவன்தான். படத்தில் மகுடம் நடிகர் ரஹ்மான் தலைக்குப் போகிறது. பட்டாபிஷேகம் யாருக்கு என்பதையே மாற்றிவிட்டார்கள். கேட்டால், பாட்டெல்லாம் நல்லா இருந்துதே என்கிறார்கள்.