மார்க்கு வாங்கத் தெரிந்தவர்

பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் காட்டுக்குள் வெள்ளை இன்னோவா ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்தால், அது தேர்தல் வருஷமாக இல்லாத பட்சத்தில், உள்ளே இருப்பவர் திட்ட ஆலோசகர்தான் என்று பந்தயம் கட்டலாம். ஊருக்குள் அவருக்குத் தனிப்பெயர் கிடையாது. ‘உலக வங்கி சார்’ என்பார்கள். அவர் உலக வங்கியில் வேலை பார்ப்பவர் அல்லர். உலக வங்கியிடம் கடன் வாங்கிய அரசு, அந்தக் கடனில் ஒரு கீற்றை எடுத்து அமர்த்திய நிறுவனத்தின் ஆள். பல சமயம் அந்த நிறுவனத்துக்கும் நிரந்தர ஆள் அல்லர், ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவர். ஏகப்பட்ட பைகள் வைத்த கையில்லாக் கோட்டு, கழுத்தில் அட்டை, காலில் மலையேறும் பூட்ஸ். ஏறுவதற்கு இங்கே இருப்பதோ கண்மாய்க்கரை ஒன்றுதான். கரைமேல் நின்று மடை எது, மறுகால் எது என்று டிரைவரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்வார். பிறகு வேப்பமரத்தடியில் கூடியிருக்கும் சம்சாரிகளைப் பார்த்து, “உங்க முன்னுரிமைத் தேவை என்ன?” என்பார். “மழதான் சார்” என்று பதில் வரும். ‘பருவநிலைத் தாங்குதிறன் பற்றிச் சமூகத்தினரிடம் ஆழ்ந்த விழிப்புணர்வு காணப்படுகிறது’ என்று குறித்துக்கொள்வார்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் முட்டாளென்று நினைத்துச் சிரித்தால் ஏமாந்தது நாம்தான். இந்தக் கரைமேல் நிற்பதற்காக அவருடைய நிறுவனம் ஐந்தாறு பெரிய நிறுவனங்களை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறது. அந்தப் போட்டியில் மடை எது, மறுகால் எது என்ற கேள்வி எந்தக் கட்டத்திலும் வரவில்லை. பரீட்சைக்கு எது வரும், எத்தனை மார்க்குக்கு வரும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் வாத்தியாரைப் போல, ஒரு விஷயத்தில் அவர் நிபுணர். கரிசலைத் தெரிந்தவருக்கு ஒப்பந்தம் கிடைப்பதில்லை, மதிப்பெண் பட்டியலைத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது. இதற்குக் காரணம் லஞ்சம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது; கதை அத்தனை எளிதில்லை. விதிகள் ஒழுங்காக, எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்படும்போதே இந்த முடிவு வருகிறது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

பணம் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் 63 துணை வடிநிலங்களின் கண்மாய், ஏரி, கால்வாய்களைச் சீரமைக்க 2007இல் உலக வங்கி ஒப்புக்கொண்ட கடன் 48.5 கோடி டாலர். அடுத்த சுற்று 2017இல் வந்தது, 31.8 கோடி டாலர். சென்னை–கன்னியாகுமரி தொழில்வழித்தடத்துச் சாலைகளுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 48.4 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. எல்லாம் திருப்பித் தரவேண்டிய கடன், இனாம் இல்லை. பெரும்பகுதி மண்ணுக்கும் கல்லுக்கும் போகிறது. ஆலோசகருக்கு வருவது ஒரு சிறு துண்டு. ஆனால் துண்டின் வகைகளைப் பாருங்கள்: வடிவமைப்பு ஆலோசனை, மேற்பார்வை ஆலோசனை, சமூகத் தாக்க ஆய்வு, சுற்றுச்சூழல் ஆய்வு, பயிற்சி, கண்காணிப்பு, கண்காணிப்பின் மதிப்பீடு. கண்மாய்க்குள் தண்ணீர் வரும் வழி ஒன்றிரண்டுதான். கண்மாயைப் பற்றிய அறிக்கை வரும் வழிகள் ஏழெட்டு.

தொடக்கம், விருப்பம் உள்ள நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பு. நம்மவர் அதற்குக் காத்திருப்பதில்லை. திட்டம் கருவில் இருக்கும்போதே வங்கி வெளியிடும் கொள்முதல் திட்டத்தைப் படித்துவிடுவார். இதற்கென்றே ‘பிஸினஸ் டெவலப்மென்ட்’ என்று தனிப்பிரிவு உண்டு. அறிவிப்பு கேட்பது ‘இதைப்போன்ற பணி செய்த அனுபவம்’. எனவே முன்பு ஒப்பந்தம் பெற்றவர்தான் இனி ஒப்பந்தம் பெறலாம். முதல் ஒப்பந்தத்தை எப்படிப் பெறுவது என்று கேட்டால், அனுபவம் உள்ளவரோடு கூட்டுச் சேரவேண்டும். அப்படித்தான் அந்த மும்மூர்த்திக் கூட்டணி உருவாகிறது: வெளிநாட்டு நிறுவனம் பெயரைத் தரும், குருகிராம் நிறுவனம் ஆட்களைத் தரும், உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஊரைத் தரும். ஊரைத் தந்தவருக்கு முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இடமும், பில் தொகை ஒன்றரை வருஷம் கழித்தும் கிடைக்கும்.

போட்டியாளர் பட்டியலில் இடம் கிடைத்த பிறகுதான் அசல் பரீட்சை. உலக வங்கி பல ஆண்டுகள் கடைப்பிடித்த ஆலோசகர் தேர்வு விதிகளில் நூறு மார்க்கு பிரிந்த விதம் இது: நிறுவனத்தின் அனுபவத்துக்கு 10 வரை, வழிமுறைக்கு 20 முதல் 50, முக்கிய நிபுணர்களின் தகுதிக்கு 30 முதல் 60, அறிவைக் கைமாற்றித் தருவதற்கு 10 வரை, உள்நாட்டவர் பங்கேற்புக்கு 10 வரை. முதலில் நிபுணர்களைப் பாருங்கள். அதிக மார்க்கு அவர்கள் தலையில் இருப்பதால், தன்விவரக் குறிப்பு சேகரிப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 30 ஆண்டு அனுபவமுள்ள ஓய்வுபெற்ற நீரியல் வல்லுநர் ஒருவரின் குறிப்பு ஒரே மாதத்தில் பல நிறுவனங்களின் உறைக்குள் பயணம் செய்யும். ஒவ்வொன்றிலும் ‘இந்தப் பணிக்கு நான் தயார்’ என்று அவரே கையெழுத்திட்டிருப்பார். பேச்சுவார்த்தை நேரத்தில் நிபுணரை மாற்றக் கூடாது, தேர்வு மிகவும் தாமதமானாலோ, மரணம், உடல்நலக்குறைவு போன்ற காரணம் நேர்ந்தாலோ மட்டும் மாற்றலாம் என்பது விதி. நம் அரசு அலுவலகங்களின் வேகத்தில் முதல் காரணமே போதும், யாரும் சாகவேண்டியதில்லை. அதற்குப் பிறகும் ‘இணையான அல்லது மேலான தகுதியுள்ளவர்’ என்று எழுதிக்கொடுத்து ஆளை மாற்ற வழி இருக்கிறது. மார்க்கு வாங்கியவர் ஒருவர், இன்னோவாவில் வருபவர் இன்னொருவர்.

பிறகு கணக்கு. தொழில்நுட்ப உறையை முதலில் பிரிப்பார்கள், விலை உறை மூடியே இருக்கும். தரத்துக்கு 80, விலைக்கு 20 என்ற பங்கில் ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிறுவனம் தரத்தில் 90 வாங்கி 5 கோடி ரூபாய் கேட்கிறது. இன்னொன்று 78 வாங்கி 4 கோடி கேட்கிறது. குறைந்த விலைக்கு 100 மார்க்கு, மற்றதற்கு அந்த விகிதப்படி 80. கூட்டினால் முதலாவதுக்கு 88, இரண்டாவதுக்கு 82.4. ஒரு கோடி ரூபாய் மலிவாகக் கேட்டவர் தோற்றார். இது அநியாயம் இல்லை; மலிவான மருத்துவரை யாரும் தேடிப்போவதில்லை என்பார்கள், சரிதான். ஆனால் அந்த 90 என்பது செய்த வேலைக்கு விழுந்த மார்க்கு அல்ல, செய்யப்போவதாக எழுதியதற்கு விழுந்தது. எழுத்தில் 12 மார்க்கு கூடினால் ஒரு கோடியை ஈடுகட்டலாம் என்றால், எந்த நிறுவனமும் கண்மாய்க்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் எழுத்துக்கு ஆள் வைக்கும். வைக்கிறது.

எழுதுவதும் லேசான வேலை இல்லை. பணி வரையறையில் வங்கி எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறதோ அதே சொல் முன்மொழிவில் திரும்பி வரவேண்டும். ஆனால் தன் சொந்த யோசனைபோல் வரவேண்டும். அச்சொற்களுக்குப் பருவம் உண்டு. ஒரு காலத்தில் ‘நவீனமயம்’, பிறகு ‘மக்கள் பங்கேற்பு’, பிறகு ‘வாழ்வாதாரம்’, இப்போது ‘தாங்குதிறன்’. கண்மாயில் தூர் வாருவதும், சீமைக்கருவேலை வெட்டுவதும், மடைப்பலகை மாற்றுவதும் ஒவ்வொரு பருவத்திலும் புதுச்சட்டை போட்டுக்கொண்டன. இதில் கரிசலுக்கென்று ஒரு கூடுதல் நகைச்சுவை உண்டு. வட ஆற்காட்டிலும் ஆய்வு செய்த கிராம வளர்ச்சி அறிஞர் ராபர்ட் சேம்பர்ஸ், 1983இல் வெளியிட்ட நூலில் ‘கிராம வளர்ச்சிச் சுற்றுலா’வின் கோளாறுகளைச் சொன்னார்: தார்ச்சாலை ஓரத்து ஊரை மட்டும் பார்ப்பது, மழையில்லாத மாதத்தில் மட்டும் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் கரிசலுக்குள் இறங்கினால் இன்னோவாவை மண்ணே வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால், நம்மவர் வருவது தைக்குப் பிறகு. அதற்குள் நிலம் வெடித்திருக்கும். வெடிப்பது கரிசலின் சுபாவம். அடுத்த மழையின் முதல் தண்ணீர் ஆழத்துக்கு இறங்குவதே அந்த வெடிப்பு வழியாகத்தான். அவர் அதைப் படமெடுத்து ‘கடும் நிலச்சீர்கேடு’ என்று அட்டைப்படமாகப் போடுவார். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பருத்தியும் சோளமும் பற்றி நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்து வைத்திருக்கிறது. அங்கே போய் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். ஆனால் அதற்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. மூன்று மாத ‘அடிப்படை ஆய்வு’க்கு இடமிருக்கிறது.

உள்நாட்டவர் பங்கேற்புக்கு மார்க்கு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து பார்த்தால் குருகிராமும் இந்த வட்டாரத்துக் குறுக்குச்சாலையும் ஒரே நாடுதான். இப்படிப்பட்ட விதிகள் எப்படியெல்லாம் வளையும் என்பதற்கு டெல்லிக் குடிநீர்த் திட்டத்து ஆவணங்களே சாட்சி. பரிவர்த்தன் என்ற அமைப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் அவற்றைப் பெற்று 2005இல் வெளியிட்டது. அந்த அமைப்பு சொன்னபடி, ஆறு நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டிய பட்டியலில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் முதலில் பத்தாவது இடத்தில் இருந்தது. வளரும் நாட்டு நிறுவனம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்றது வங்கி. அந்த நிறுவனத்தின் கிளை கொல்கத்தாவில் பதிவானது என்பதால் அது வளரும் நாட்டு நிறுவனம் ஆயிற்று, ஆறாவது இடத்துக்கும் வந்தது. மதிப்பீட்டில் தேறாதபோது மறுபடி ஏலம், அதிலும் தேறாதபோது ஒரு மதிப்பீட்டாளரின் மார்க்கு நீக்கம், கடைசியில் 2001இல் ஒப்பந்தம். முறைகேடு எதுவும் நடக்கவில்லை, விதிகளின்படிதான் நடந்தது என்று வங்கி மறுத்தது. அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் நம் வாதம் பலப்படுகிறதே தவிர குறையவில்லை. இது விதிகளின்படி நடந்தது என்றால், உலகத்தின் மிகப் பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் ஒன்றை ஏழை நாட்டுப் பிள்ளையாகக் கணக்கில் சேர்க்க விதிகளில் இடமிருந்தது என்றாகிறது. கூச்சல் பெருகி, டெல்லி அரசு அந்தக் கடனே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டது.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்த மார்க்கு முறையும் இல்லையென்றால் ஒப்பந்தம் யாருக்குப் போகும்? அமைச்சரின் மைத்துனருக்குப் போகும், அதை மறுக்கமுடியாது. மூடிய உறையும் மதிப்பீட்டுத் தாளும் இருந்ததால்தான் டெல்லி விவகாரமே வெளியே தெரிந்தது. மைத்துனர் முறையில் ஆவணம் என்று எதுவும் மிஞ்சாது. உள்ளூர்க்காரரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் ஏற்கத்தக்கதல்ல. உள்ளூர்க் கண்மாய்களில் தூர் வாரியதாகப் பில் எழுதிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆலோசகர்களில் நல்லவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து நேர்மையான அறிக்கை எழுதும் பொறியாளர்களும் சமூகவியலாளர்களும் இந்த இன்னோவாக்களிலேயே வருகிறார்கள். கோளாறு ஆளிடம் இல்லை, மார்க்கு விழும் இடத்தில். பணம் தவணையாக வருவது தொடக்க அறிக்கைக்கு ஒன்று, வரைவுக்கு ஒன்று, இறுதி அறிக்கைக்கு ஒன்று. கண்மாய் மறுகால் பாய்ந்ததா என்று பார்த்துத் தரும் தவணை எந்த ஒப்பந்தத்திலும் தலைகாட்டுவதில்லை.

நல்ல அறிக்கையும் நல்ல விளைவும் வேறுவேறு என்பது பாஞ்சாலங்குறிச்சிக்குத் தெரியாத சங்கதி அல்ல. 1798இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்ஸனுக்கும் கட்டபொம்மனுக்கும் நடந்த தகராறை விசாரிக்கச் சென்னையிலிருந்து மூன்று பேர் குழு அமைத்தார்கள்: பிரவுன், ஓரம், காசாமேஜர். குழு நேர்மையாகவே நடந்துகொண்டது. கட்டபொம்மன்மீது குற்றமில்லை என்றது. ஜாக்ஸன் போய் லூஷிங்டன் வந்தார். கிஸ்தி கேட்பது மட்டும் மாறவில்லை. மறு வருஷம் கோட்டை விழுந்தது, அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கு.

ஆகவே ஆலோசகரை வையாமல், அவருக்கு மார்க்கு போடும் அதிகாரத்தில் கொஞ்சம் பங்கு கேட்பதே உருப்படியான வேலை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாசன விவசாயிகளுக்குச் சங்கத்தையும் தேர்தலையும் கொடுத்திருக்கிறது. அந்தச் சங்கத்தின் கையெழுத்து இல்லாமல் கடைசித் தவணை கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், மறுகால் எது என்று டிரைவரிடம் கேட்கும் தேவை தானாகக் குறையும். அந்த வரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கண்மாய்க்கு யார் ஆலோசகர், முன்மொழிவில் பெயர் கொடுத்த நிபுணர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் மாற்றப்பட்டார்கள், அறிக்கை எங்கே என்று நான்கு கேள்வி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த ரகசியத்துக்கு வட்டி கட்டுவது நீங்கள்.