மொதல்ல சொன்னவன் ஏமாளி

வா அம்மணி, உக்காரு. அந்த லேப்டாப்பக் கயித்துக் கட்டல்ல வெச்சுப்போட்டு மோரக் குடி. நாளன்னிக்கு டெல்லியில பெரிய கூட்டம். அதுக்கு முந்தி இந்த அப்பாருகிட்ட ஒருக்காப் படிச்சுக் காட்டிப்போடலாம்னு வந்திருக்கற பாரு, மாட்டு டாக்டருக்குப் படிச்சதுல உனக்கு வந்த உருப்படியான புத்தி அதுதான். எனக்குப் புரிஞ்சா நம்ம எருமைக்கும் புரியும். எருமைக்கே புரிஞ்சுதுன்னா ஆபீசருங்களுக்கும் புரியறதுக்கு வாய்ப்பிருக்குது.

தலைப்பு என்ன, 'ஒன் ஹெல்த்'தா? மனுசன், பண்டங்கன்னு, காடு கரை, மூணோட ஆரோக்கியமும் ஒன்னோட ஒன்னு பின்னிக் கெடக்குதுன்னு நாப்பது படம் போட்டு வெளக்கியிருக்கற. நம்ம பேச்சுல அதுக்கு ஒரே வார்த்தை: 'ஒட்டுக்கா'. கட்டுத்தரைக்கும் அடுப்படிக்கும் நடுவால ஒத்தச் செவுரு வெச்ச ஊட்டுல பொறந்தவன் கண்ணு நானு. மாட்டுக்குக் காச்சல்னா உங்க ஆத்தா மொதல்ல பால் சட்டியத்தான் எட்டிப் பாப்பா. அவளுக்கு எந்த ஊர்லயும் மேடை போட்டுத் தரல.

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. மேல படி.

பங்காளிக நாலு பேருங்கற. ஜெனீவாவுல மனுச வைத்தியம் பாக்கற உலக சுகாதார நிறுவனம். ரோமுல வெள்ளாமை, சோத்துக் கணக்குப் பாக்கற எஃப்.ஏ.ஓ. பாரிசுல பண்டம்பாடி சீக்குக்கு ஒரு ஆபீசு. நைரோபியில காடு, காத்து, தண்ணிக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். மொத மூணு பேரும் 2010-லயே கை கோத்துட்டாங்க. நாலாவது பங்காளிய 2022 மார்ச்சுலதான் சேத்துக்கிட்டாங்க. நம்மூருலயும் அப்படித்தான அம்மணி? பாகம் பேசறப்ப மேச்சக்காட்டுக்காரனக் கடேசியாத்தான் கூப்புடுவாங்க. அந்த வருசமே 2026 வரைக்கும் ஒரு கூட்டுத் திட்டம் எழுதி வெளியிட்டாங்களாக்கும். எழுதட்டும். கெணறு ஒன்னு, மோட்டாரு நாலுன்னா முறை வெச்சுத்தான தண்ணி எறைக்கோணும்? முறையெல்லாம் எழுதியாச்சு. கெணத்துல தண்ணி எத்தனை அடி நிக்குதுன்னு அப்பறம் பாப்போம்.

அதென்ன, பாரிசு ஆபீசுன்னதும் அத்தனை மரியாதையாப் படிக்கற? அது வந்த கதை தெரியுமா உனக்கு? தெரியாதா! நீயே வெச்சுட்டுப் போன புஸ்தகத்துலதான் இருக்குது. 1920-ல இந்தியாவுல இருந்து கப்பலேறுன திமில் மாடுக பிரேசிலுக்குப் போற வழியில பெல்ஜியத்து ஆன்ட்வெர்ப் துறைமுகத்துல எறங்குச்சு. மாட்டோட வெக்கை நோயும் எறங்குச்சு. ஐரோப்பாக்காரன் தொழுவத்துல சாவு உழுந்ததும்தான் அவனுக்குத் தூக்கம் போச்சு. 1924-ல 28 நாட்டுக்காரங்க ஒட்டுக்காக் கையெழுத்துப் போட்டு அந்த ஆபீச ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டு மாடு ஒன்னு தும்முனதுக்கு பாரிசுல ஒரு கட்டடம் எந்திரிச்சிருக்குது. அந்தக் கூட்டத்துல எவனாச்சும் உன்னைய எளப்பமாப் பாத்தா இதைச் சொல்லு.

கேலி பண்ணுனாலும் ஒன்னு ஒத்துக்கறேன். வெக்கைய அவங்க ஒழிச்சே போட்டாங்க. எங்கய்யன் காலத்துல வெக்கை வந்தா ஒரே வாரத்துல கட்டுத்தரை காலி. இந்தியாவுல 1995-க்கு அப்பறம் அது தலைகாட்டல. 2011-ல ஒலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சுட்டாங்க. மனுசனுக்குப் பெரியம்மை, மாட்டுக்கு வெக்கை, இந்த ரெண்டத்தான் மனுசன் ஒலகத்த உட்டே தொரத்தியிருக்கறான். அது எப்படி முடிஞ்சுது? வெயில் தாங்கற தடுப்பூசி வந்துது. ஆப்பிரிக்காவுல ஜீப்பு போகாத காட்டுக்கெல்லாம் மாடு மேய்க்கறவங்களே ஊசியத் தூக்கிக்கிட்டு நடந்தாங்க. எந்த மாடு எங்க சொணங்குதுன்னு மேய்க்கறவனுக்குத்தான் தெரியும்னு படிச்சவங்க ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு எத்தனை மனசு வேணும்! அந்த மனசத்தான் இப்ப எங்கயோ மறதியா வெச்சுட்டாங்க.

இப்பக் கெணத்த எட்டிப் பாப்போமா? உலக வங்கி 2022-ல போட்ட கணக்கப் படி. சீக்கு வர்றதுக்கு முந்தியே தடுக்க வருசத்துக்கு 1,030-ல இருந்து 1,150 கோடி டாலர். தடுக்காம உட்டு, வந்த பொறவு மாரடிச்சா வருசத்துக்கு 3,010 கோடி டாலர். கொரோனாவால ஒலகத்துக்கு 12.5 லட்சம் கோடி டாலர் நட்டமாகும்னு ஐ.எம்.எஃப் ஒரு கணக்குச் சொல்லுச்சாமே? சரி, இத்தனையும் தெரிஞ்சவங்க என்ன பண்ணுனாங்க? அதே 2022-ல பாலித் தீவுல ஜி-20 கூடுனப்ப, உலக வங்கி மடியில 'பெருந்தொற்று நிதி'ன்னு ஒரு உண்டியல வெச்சாங்க. 2023 சூலையில மொத மொதல்ல அதுல இருந்து எடுத்துக் குடுத்தது 33.8 கோடி டாலர், 37 நாட்டுக்கு. நம்ம நாட்டுக்கு 2.5 கோடி டாலர், அதுவும் கால்நடை ஆரோக்கியத்துக்குன்னே. வேண்டாம்னு சொல்லல, சந்தோசந்தான். ஆனா வருசத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல வேணும்கற எடத்துல முப்பத்து மூணு கோடிங்கறது, எழவு ஊட்டுக்கு லாரி புடிச்சு வர்ற ஒறம்பரை கண்ணாலத்துக்கு ஐம்பத்தொன்னு மொய் வெக்கற கணக்கா இருக்குது.

அவங்களையும் முச்சூடும் குத்தம் சொல்ல முடியாது. தடுக்கறதுல ஒரு சங்கடம் இருக்குது. பன்னி வராத வருசம் வேலிக்குச் செலவு பண்ணுனவனத்தான் ஊரு கிறுக்கன்னு சொல்லும். வேலி இருந்ததாலதான் பன்னி வரலைன்னு எந்தப் பன்னியும் வந்து சாட்சி சொல்லாது.

இப்ப மலேசியாக் கதைக்கு வா. இதை நீ ஒரே படத்துல தாண்டிப் போயிட்ட, அது தப்பு. 1998 கடேசியில ஈப்போ பக்கம் பன்னிப் பண்ணைக்காரங்களுக்குக் காச்சல், மயக்கம், மூளை வீங்கிச் சாவு. மனுச வைத்தியம் பாக்கறவங்க வந்தாங்க. 'கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக்காச்சல்'னு பொகை அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க. ஊசி போட்டுக்கிட்டவனும் படுத்தான். அந்தக் கொசுக் காச்சல்னா சின்னப் பசங்களத்தான மொதல்ல புடிக்கோணும்? இங்க படுத்தவங்க பாதிக்கு மேல பன்னியோட பொழங்குன பெரிய ஆளுங்க. பன்னியும் பக்கத்துலயே லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அது இருமுனது மனுச டாக்டரு காதுல உழுகல. அவரு அதைக் கேக்கறதுக்குச் சம்பளம் வாங்கல.

பண்ணைக்காரங்க என்ன பண்ணுனாங்க? பன்னிகளக் கெடச்ச வெலைக்குத் தள்ளி உட்டாங்க. பன்னி லாரியேறித் தெக்கால நெகிரி செம்பிலான் போச்சு, சீக்கும் அதே லாரியில டிக்கெட் எடுக்காமப் போச்சு. 1999 மார்ச்சுல சுவா காவ் பிங்னு ஒரு டாக்டரு புதுசா ஒரு வைரசு இருக்குதுன்னு கண்டுபுடிச்சாரு. சுங்கை நிபாங்கற ஊருப் பேரையே அதுக்கு வெச்சாங்க. அடங்கறதுக்குள்ள மலேசியாவுல 265 பேருக்கு வந்து 105 பேரு போயிட்டாங்க. பத்து லட்சத்துக்கு மேல பன்னிகள அழிச்சாங்க.

மூலம் என்னன்னு தோண்டிப் பாத்தா பழந்தின்னி வௌவாலு. பன்னிக் கொட்டாயோரம் மாமரம். வௌவாலு கடிச்சுப் போட்ட பழம் கீழ உழுந்துச்சு, பன்னி தின்னுச்சு, பன்னிகிட்ட இருந்து மனுசனுக்கு வந்துச்சு. இப்பச் சொல்லு டாக்டரம்மா: மரம் தோட்டக்கலைக்கு, வௌவாலு வனத்துறைக்கு, பன்னி கால்நடைத் துறைக்கு, ஆளு சுகாதாரத் துறைக்கு. அந்தக் கடிபட்ட மாம்பழம் எந்தத் துறைக்கு? அதுக்கு ஒரு ஃபைலு இல்லாமப் போனதுதான் கதை. அதே நிபா 2018-ல கோழிக்கோட்டுக்கு வந்தப்ப, கணவாய்க்கு இக்கட்டால நாமளும் பழத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துத்தான தின்னோம்?

'பண்ணைக்காரங்க பண்ணுனது தப்புங்க அப்பாரு'ங்கற. தப்புத்தான் கண்ணு. சித்தெ கிட்ட வா, உங்க ஆத்தாளுக்குக் கேக்க வேண்டாம். நானும் அதே தப்பப் பண்ணுனவன்தான்.

நீ பள்ளிக்கூடம் போன காலம். நம்ம கோழிக ஒரு நாள் சாயங்காலம் கழுத்தத் தொங்கப் போட்டுச்சு, வெள்ளையாக் கழிஞ்சுது. பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. டாக்டருகிட்டச் சொன்னா என்னாகும்? வருவாரு, எழுதுவாரு, சந்தைக்குக் கொண்டு போகாதீங்கம்பாரு. கோழி செத்துப் போகும், காசு எவன் தருவான்? ராவெல்லாம் இதே ரோசனை. கோழி கூப்பிடறதுக்கு முந்தி எந்திரிச்சேன், கூப்பிடற தெம்பும் அதுகளுக்கு இல்ல. நிக்கறத மட்டும் கூடையில போட்டுச் சந்தையில யாவாரிகிட்டத் தள்ளிட்டு வந்துட்டேன். கெட்டிக்காரத்தனம்னு நெனச்சு அன்னிக்கு ரெண்டு டீ குடிச்சேன்.

பத்து நாள் கழிச்சு எம் மச்சான் வர்றான், மூஞ்சியே இல்ல. 'சந்தையில நாலு கோழி புடிச்சேன் மாமா, பட்டியில இருந்த அத்தனையும் போச்சு'ங்கறான். நானும் மூஞ்சிய நீட்டி வெச்சுக்கிட்டு, 'கண்டவன்கிட்டயும் வாங்கலாமா மாப்ளே?'ன்னு கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது.

சிரிக்காத. இதுலதான் உன் கூட்டத்துக்குச் சங்கதி இருக்குது. சட்டம் இருக்குதுங்கற, பண்டத்துக்குத் தொத்துச் சீக்குன்னா சொல்லியே ஆகோணும்னு 2009-லயே போட்டாச்சுங்கற. பறவைக் காச்சல்னா அரசாங்கம் நட்ட ஈடு தருதுங்கற. அதையும் வெவரமாப் பாரு: அவங்க வந்து அழிக்கற கோழிக்குத்தான் காசு, அதுக்கு முந்தித் தானாச் செத்த கோழிக்குக் கெடையாது. அவங்க வந்து சேர்றதுக்குள்ள கோழி பொறுத்துக்கிட்டு உசுரோட இருக்கோணுமாக்கும்! சொன்னவனுக்கு நட்டம், மறச்சவனுக்குச் சந்தை வெலை. இதுல எவன் வாயத் தொறப்பான்?

கோழிக்காரன் புத்திதான் நாடுகளுக்கும். 2021 நவம்பருல தென்னாப்பிரிக்காக்காரன் யோக்கியமா 'கொரோனாவுல ஒரு புது வகை தெரியுது'ன்னு ஒமைக்ரானப் பத்தி ஒலகத்துக்குச் சொன்னான். சொன்ன கையோட அவன் நாட்டு விமானத்துக்குக் கதவச் சாத்துனாங்க. பரிசு! அதுக்கு முந்தி 2007-ல இந்தோனேசியாக்காரன், 'நான் பறவைக் காச்சல் கிருமியக் குடுக்கறேன், நீங்க அதுல தடுப்பூசி செஞ்சு பணக்கார நாட்டுக்கு விக்கறீங்க, எனக்கு எங்கே?'ன்னு மாதிரியக் குடுக்காம நிறுத்திப் போட்டான். கிருமியக் குடுக்கறவனுக்கும் பங்கு உண்டுன்னு ஒப்பந்தம் எழுத 2011 ஆச்சு. 2025 மே மாசம் ஜெனீவாவுல பெருந்தொற்று ஒப்பந்தம்னு ஒன்ன ஏத்துக்கிட்டாங்களே, அதுலயும் இழுபறியாக் கெடந்தது இதே பங்குச் சண்டைதான். நாடுகள்ளயே பெரிய பணக்காரன் அமெரிக்காக்காரன், அவன் ஜெனீவா ஊட்டுச் சங்காத்தமே வேண்டாம்னு வெளிய போயிட்டான். கெணத்துல ஆளு ஒருத்தன் கொறஞ்சா நல்லதுதானன்னு நெனைக்காத. கரண்டு பில்லுல பெரிய பங்கு கட்டிக்கிட்டு இருந்தவன் அவன்.

அதனால நாப்பது படத்த மூணாக் கொற. மொதப் படத்துல அந்த மாம்பழத்தப் போடு. ரெண்டாவதுல நம்மூரு டீக்கடை பெஞ்சப் போடு: ஆட்டுக்கு ஊசி போட வர்ற தம்பியும், ஆளுக்கு ஊசி போட வர்ற நர்சம்மாவும் அதே பெஞ்சுலதான் டீ குடிக்கறாங்க. அவரு நோட்டுல என்ன இருக்குதுன்னு இவங்களுக்குத் தெரியாது, இவங்க நோட்டு அவருக்குத் தெரியாது. வாரம் ஒருக்கா ரெண்டு நோட்டையும் மாத்திப் படிக்கச் சொல்லி, அந்த டீக்குக் காசு குடு. நாலு பங்காளிக்கும் நடுவால இதைவிடச் சல்லிசா ஒரு பாலம் கட்ட முடியாது.

மூணாவது படத்துல எழுத்தே வேண்டாம். கோட்டுப் போட்டவங்களப் பாத்து ஒன்னே ஒன்னு கேளு: 'எங்கிட்டச் சீக்கு வந்துருச்சுன்னு மொதல்ல சொல்றவனுக்கு, அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீங்க என்ன குடுப்பீங்க?' கோழிக்காரனுக்கும் அதே கேள்வி, நாட்டுக்கும் அதே கேள்வி. இதுக்குப் பதில் வரலைன்னா, நீங்க எத்தனை கோடி போட்டு எத்தனை மிசினு வாங்கி வெச்சாலும், சீக்கு எங்கள மாதிரிக் கெட்டிக்காரங்க கூடையில ஏறி விடியறதுக்கு முந்தியே சந்தைக்குப் போயிரும்.

போ, போய்ப் படு. காத்தால பஸ்சுக்கு எழுப்பி உடறேன். மச்சான் சங்கதிய மட்டும் யாருகிட்டயும் வாயத் தொறந்துராத. நட்ட ஈடு என்னன்னு அந்தக் கூட்டத்துல முடிவாச்சுன்னா ஒரு போனப் போடு. நானே அவன் ஊட்டுக்குப் போய் ஒத்துக்கறேன்.