கடனைக் கண்டுபிடித்தவர்கள்

நம் மலேசியாவில் ஆட்சி மாறினால் முதல் வேலை, கடனைக் கண்டுபிடிப்பது. புதிய நிதியமைச்சர் கோப்பைத் திறப்பார். ஐயையோ என்பார். மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் ஓர் எண் வரும். எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது ஆண்டுதோறும் இதே கடனைப் பற்றித்தான் கத்தியிருப்பார். இருந்தாலும் பதவியேற்றதும் அதிர்ச்சி அடைவது மரபு.

2018 மே 9ஆம் தேதி தேசிய முன்னணி கவிழ்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் புதிய நிதியமைச்சர் லிம் குவான் எங் எண்ணை அறிவித்தார்: 1.087 டிரில்லியன் வெள்ளி (ரிங்கிட்). நாட்டின் மொத்த உற்பத்தியில் 80.3 விழுக்காடு. இதில் அரசு நேரடியாக வாங்கிய கடன் 686.8 பில்லியன். மிச்சம், அரசு போட்ட ஜாமீன்களும், தனியாரைக் கட்டச் சொல்லிவிட்டு ஆண்டாண்டாகக் கொடுக்க வேண்டிய வாடகையும். ஜாமீனைக் கடனில் சேர்க்கலாமா கூடாதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் அடித்துக்கொண்டார்கள். மலாக்காவின் பெம்பானில் அந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை. மச்சானின் மோட்டார் சைக்கிளுக்கு ஜாமீன் போட்டவனைக் கேளுங்கள், கடைசித் தவணைவரை யார் கட்டியது என்று சொல்வான்.

எண்ணை அறிவித்த கையோடு உண்டியலும் வந்தது. மே 30ஆம் தேதி, தபோங் ஹராப்பான். நம்பிக்கை நிதி. அரசாங்கம் மக்களிடம் கையேந்தியது, மக்கள் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் சேமிப்பை உடைத்துக் கொடுத்தார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. 2019 ஜனவரியில் உண்டியலை மூடி எண்ணியபோது 202 மில்லியனுக்குச் சற்று மேல் இருந்தது. கடனில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

உண்டியல் வைத்த அரசுக்குத் தலைமை தாங்கியவர் பிரதமர் டாக்டர் மகாதீர். முதல் சுற்றில் 22 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர். அவர் காலத்தில்தான் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அந்நியச் செலாவணி ஆட்டத்தில் இறங்கி 31.5 பில்லியனைக் கரைத்தது. 2017இல் அரச விசாரணை ஆணையம் சொன்ன கணக்கு இது. அதற்கு எந்த உண்டியலும் வைக்கவில்லை. சரி, பழைய கதை, விடுவோம். புதிய கதைக்கு வருவோம். உண்டியல் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தோக்கியோவில் நின்றுகொண்டு நாட்டுக்கு இன்னொரு தேசியக் கார் வேண்டும் என்றார். பிறகு அவருடைய அமைச்சர் ஒருவர் பறக்கும் கார் என்றார். கீழே நின்றவர்கள், உண்டியலில் காசு போட்டுவிட்ட பிள்ளைகள்.

வீண்செலவு என்றால் மலாக்காக்காரனுக்கு விளக்கவுரை வேண்டாம். ஆற்றோரமாக 2010இல் ஒரு மோனோரயில் விட்டார்கள். ஏறத்தாழ 16 மில்லியன் வெள்ளி. தொடங்கிய கையோடு பாதி வழியில் நின்றது. மழை பெய்தால் ஓடாது என்பது பிறகு தெரிந்தது. மலாக்காவில் மழை பெய்யும் என்று திட்டம் போட்டவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும். அப்புறம் மலாக்கா கேட்வே. 2014இல் அப்போதைய பிரதமர் நஜிப் வந்து தொடக்கி வைத்தார். கடலைத் தூர்த்தார்கள். 2020இல் மாநில அரசே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மீன் பிடித்தவனுக்குக் கடல் போனது. வருவதாகச் சொன்ன துறைமுகமும் வரவில்லை.

செலவு செய்வதில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நம்மவர்கள் சிக்கனம் செய்தாலும் செலவுதான். சிங்கப்பூருக்கு அதிவேக ரயில் விடும் திட்டத்தில் ஆயர் குரோவிலும் ஒரு நிலையம் இருந்தது. கடன் அதிகம் என்று 2018இல் திட்டத்தை ஒத்திப்போட்டார்கள். அடுத்து வந்தவர்கள் 2021 ஜனவரி முதல் தேதியோடு கைகழுவினார்கள். சிங்கப்பூருக்குக் கட்டிய இழப்பீடு 320 மில்லியன் வெள்ளி. ஒரு தண்டவாளம்கூடப் போடாத ரயிலுக்கு உண்டியலைப் போல ஒன்றரை மடங்கு.

இனி சம்பளச் சீட்டு. 2018இல் ஆட்சிக்கு வந்த அமைச்சர்கள் தங்கள் சம்பளத்தில் 10 விழுக்காடு குறைத்துக்கொண்டார்கள். தியாகம்தான், கை தட்டினோம். அதே ஆண்டு செப்டம்பரில் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,000 வெள்ளியிலிருந்து 1,050 ஆக்குவதாக அறிவித்தார்கள். தேர்தல் அறிக்கையில் சொன்னது 1,500. மாதம் 50 வெள்ளி உயர்வு. 26 நாள் வேலை என்று வகுத்தால் நாளுக்கு இரண்டு வெள்ளிகூட வராது. அந்த 50இலும் ஊழியர் சேமநிதி ஐந்தரை வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தன் பங்கைப் பிடிக்கும். கடையில் ஒரு தே தாரே குடித்தால் அன்றைய உயர்வு முடிந்தது. செம்பனைக் குலையை வெட்டித் தோளில் சுமந்து கொண்டுவந்து போடுகிறவனிடம் நாடு கடனில் இருக்கிறது, பொறு என்றார்கள். தொழிலாளர்கள் கொதித்த பிறகு பட்ஜெட்டில் இன்னொரு 50 சேர்த்து 1,100 ஆக்கினார்கள். கேட்காமல் கிடைப்பது இங்கே கடன் மட்டும்தான். 1967இல் புக்கிட் ஆசஹான் தோட்டத்தார் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கே நடந்து போனார்கள். அந்தப் பாதை இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது.

தமிழனுக்கு உண்டியல் புதிதும் அல்ல. மைக்கா நிறுவனத்தை மறந்துவிட்டோமா? 1980களில் அதைத் தொடங்கிய மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) சமூகத்தைத் தூக்கி நிறுத்தப் போவதாகச் சொன்னது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். சுமார் 66,000 பேர், 106 மில்லியன் வெள்ளி. அரசு டெலிகோம் பங்கு 10 மில்லியன் ஒதுக்கியது. மைக்கா கைக்கு வந்தது 1 மில்லியன். பங்குப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் செல்லரித்தது. நகை திரும்பவில்லை.

2020இல் தேர்தல் இல்லாமல் புறவாசல் வழியாக ஆட்சி மாறியது. கடனைப் பற்றிய பேச்சு சட்டென்று அடங்கியது. கொரோனா காலத்தில் கடன் வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டினிக்குச் சோறு போட வாங்கத்தான் வேண்டும். கடன் வரம்பை 55 விழுக்காட்டிலிருந்து 60, பிறகு 65 என்று ஏற்றினார்கள். ஏற்றட்டும். ஆனால் அமைச்சர், துணையமைச்சர் என்று 70 பேர் எதற்கு? போதாதென்று அமைச்சர் தகுதியில் சிறப்புத் தூதர்கள். விமானமே பறக்காத காலத்தில் மத்திய கிழக்குக்கு ஒருவர், சீனாவுக்கு ஒருவர். ஊரடங்கில் நாம் ஆளுக்கு ஒரு முகக்கவசம் வாங்கக் காசு தேடிக்கொண்டிருந்தோம்.

2022 நவம்பரில் அன்வார் பிரதமராக வந்தார். மறுபடி அதிர்ச்சி. இம்முறை 1.5 டிரில்லியன். தனக்குச் சம்பளம் வேண்டாம் என்றார். அமைச்சர்களுக்கு 20 விழுக்காடு வெட்டு. 10 போய் 20 ஆனது, முன்னேற்றம்தான். பிறகு மானியத்தில் கை வைத்தார்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே இரவில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்குப் போனது. மானியம் பணக்காரனுக்கும் கடத்தல்காரனுக்கும் போகிறது என்றார்கள். உண்மைதான். தகுதி உள்ளவருக்கு மாதம் 200 வெள்ளி உதவியும் வைத்தார்கள். கடத்தல்காரனைப் பிடிப்பதைவிட எல்லோருக்கும் விலையேற்றுவது சுலபம். வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 50 பில்லியனைத் தாண்டுகிறதாம். அசலைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

அதே 2024இன் தொடக்கத்தில் இன்னொரு சிக்கன நடவடிக்கை நடந்தது. எஸ்.ஆர்.சி. ஊழல் வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு விதித்த 12 ஆண்டுச் சிறை 6 ஆனது. 210 மில்லியன் வெள்ளி அபராதம் 50 மில்லியன் ஆனது. மன்னிப்பு வாரியத்தின் முடிவு; காரணம் அவர்களிடம் இருக்கும். கணக்கு நம்மிடம் இருக்கிறது. தள்ளுபடி 160 மில்லியன். நாடே சேர்ந்து மாதக்கணக்கில் உண்டியலில் போட்டதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. ஐம்பது வெள்ளி உயர்வுக்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. இதற்கு ஓர் அறிக்கை போதுமாக இருந்தது.

அடுத்த உண்டியலுக்கும் நாம் கொடுப்போம், கொடுக்காமல் இருக்க நமக்குத் தெரியாது. அதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். இந்த ஜாமீன் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டது யார், எந்தத் திட்டத்துக்கு, அந்தப் பணத்தில் எழும்பிய கட்டடம் எங்கே நிற்கிறது என்று பட்டியல் போட்டு ஊர் ஊராக ஒட்டுங்கள். பெம்பானில் கடைவரிசைச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்றால் மோனோரயில் தூண்களில் ஒட்டுங்கள்.