வீட்டுக்கு வீடு நாவல்: கேள்வி-பதில்

கே: வளரும் பிள்ளைகளைப் பற்றிய கதைகளில் அப்பா அம்மாவை ஏன் சீக்கிரமே சாகடித்துவிடுகிறார்கள்? (கரூர்)

உயிரோடு இருந்தால் இருட்டிய பிறகு நாயகனை வெளியே விடமாட்டார்களே, அப்புறம் கதை எப்படி நகரும்? ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். பெற்றவர்கள் போன இடத்தில் ஜேன் அயருக்கு மாமன் மனைவி வந்து உட்காருகிறாள், ஹாரி பாட்டருக்குப் பெரியம்மா. சொந்தபந்தத்தை அடியோடு தலைமுழுக எந்த எழுத்தாளருக்கும் துணிச்சல் வருவதில்லை.

கே: இளைஞனின் குணத்தை உருவாக்குவதில் தாயின் பங்கு என்ன? விரிவாக விடை தரவும். (கல்லூரி மாணவி, திருச்சி)

பரீட்சைக் கேள்வியை அப்படியே அனுப்பியிருக்கிறீர்கள், பரவாயில்லை. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' எழுதுங்கள். அலங்காரத்தம்மாள் மகன் அப்புவை வேத பாடசாலையில் விடுகிறாள். 16 வருடம் ஓதிவிட்டு வீடு திரும்புகிறவனுக்கு, அங்கே எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் மெல்லப் புரிகிறது. சிவசு என்று ஒருவர் வந்து போகிறார். அம்மா தன் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் அவனை வேதத்துக்கு நேர்ந்துவிட்டாள் என்பதும் தெரிகிறது. ஓதியது இவன், புண்ணியம் அவள் கணக்கில்! அம்மா என்ன சொல்லி வளர்த்தாள் என்று எழுதினால் 5 மதிப்பெண். எதைச் சொல்லாமல் வளர்த்தாள் என்று எழுதினால் 10. தராவிட்டால் மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள்.

கே: அக்கா புருஷனெல்லாம் ஒரு பாத்திரமா சார்? எங்கள் வீட்டு அனுபவத்தில் கேட்கிறேன். (தென்காசி)

டிக்கன்ஸ் 1860-61-இல் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படித்துவிட்டு உங்கள் அத்தானை இன்னொரு தடவை பாருங்கள். பெற்றோர் இல்லாத பிப்பை அக்கா பிரம்பால் வளர்க்கிறாள். அவள் கணவன் ஜோ, கொல்லன். அடி வாங்குவதில் அவனும் பங்காளி. எங்கிருந்தோ பணம் வந்து பிப் லண்டனில் துரையாகிவிட, ஜோ பார்க்க வருகிறான். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணப்புக்கு மேலே ஓரத்தில் வைக்கிறான், விழுகிறது. எடுத்து வைக்கிறான், மறுபடி விழுகிறது. தூக்கி வளர்த்த பையனை வாய்க்கு வாய் 'சார்' என்கிறான். பையனுக்கு மானம் போகிறது. பின்னால் கடனிலும் காய்ச்சலிலும் கிடக்கும் பிப்பைத் தேற்றி, கடனையும் அடைத்துவிட்டு, காலையில் சொல்லாமல் கிளம்பிப் போகிறவனும் இதே ஜோதான். அந்தத் தொப்பிக்காகவே டிக்கன்ஸின் வளவளப்பை எல்லாம் நான் மன்னித்துவிடுவேன்.

கே: அண்ணன்கள்? (விருதுநகர்)

பாமாவின் 'கருக்கு', 1992. தன்வரலாறுதான், இருந்தாலும் இங்கே இடமுண்டு. பள்ளிவிட்டு வரும் சிறுமி ஒரு காட்சியைப் பார்க்கிறாள். அவர்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டில் வந்து சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படி என்கிறான். நன்றாகப் படி என்று பின்னால் சொல்கிறவனும் அவன்தான். மற்ற அண்ணன்கள் சைக்கிள் ஓட்டச் சொல்லித்தருவார்கள். இவன் எந்தத் தெருவில் பிறந்திருக்கிறோம் என்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கே: சொந்தக்காரர்களின் வாய்? (மதுரை)

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994). கொழும்புத் தமிழ்க் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீடு, சிறுமிகளோடு கல்யாண விளையாட்டு. மணப்பெண் வேடத்தில் சிறுவன் ஆர்ஜி. சேலையோடு அவனைப் பெரியவர்கள் நடுவே இழுத்து வந்து நிறுத்துகிறாள் ஓர் அத்தை. ஒரு மாமா கிண்டலாக ஏதோ சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார். அன்றிலிருந்து அம்மா சேலை கட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க அவனுக்கு அனுமதி இல்லை. அவளுக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை.

கே: வீட்டுக் கதையை இப்படி எழுதினால் ஊர் சும்மா விடுமா? (சேலம்)

விடாது. தாமஸ் வுல்ஃப் 1929-இல் 'லுக் ஹோம்வர்ட், ஏஞ்சல்' எழுதி, அம்மா நடத்திய விடுதியையும் ஆஷ்வில் ஊரையும் பெயரை மட்டும் மாற்றிப் போட்டார். ஊர் கொதித்ததில் ஏறக்குறைய 8 வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது அந்த விடுதி அவருடைய நினைவு இல்லம், டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம்.

கே: இன்றைய கதைகளில் தாத்தா எங்கே? (கோவை)

குடும்ப வாட்ஸ்அப் குழுவில். ரோஜாப்பூவுடன் காலை வணக்கம்.

கே: 19 வயது மகன் நாவல் எழுதுகிறான். கேட்டால் மறைக்கிறான். அதில் நான் எப்படி வருவேன்? (ஓர் அப்பா, ஈரோடு)

கட்டிய ஃபீஸ், வாங்கித்தந்த பைக் எதுவும் வராது. என்றைக்கோ உறவினர் முன்னால் அவன் மார்க்கைக் கேட்டபோது நீங்கள் பத்தைக் கூட்டிச் சொன்னீர்களே, அது கட்டாயம் வரும்.