குலைந்த நகரம்

கேள்வி: சாதாரணக் குறுக்கெழுத்தை அரை மணியில் முடித்துவிடுவேன். பொருளை மறைத்துக் கேட்கும் புதிரில் மட்டும் ஒரு கட்டம்கூட நிரம்புவதில்லை. விடையைப் பார்த்தாலும் எப்படி வந்தது என்று விளங்கவில்லை. வழி உண்டா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு அம்மா. குறிப்பைக் கதையாகப் படிக்காதீர்கள், வெட்டிப் படியுங்கள். ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதி, எழுத்துகளைக் கோக்கும் வழி.

'கொசு தந்தது, மிளகாய் தந்தது. சேர்ந்து நேரம் காட்டும் (5)'. கொசு தந்தது கடி. மிளகாய் தந்தது காரம். கடிகாரம்! கொசுவை அடிக்க மிளகாயைத் தேடிப் போனவருக்கு விடை கிடைக்காது.

இன்னொன்று: 'குலைந்த நகரம் பாவிகள் போகுமிடம் (4)'. வாக்கியமாகப் படித்தால் மாநகராட்சிமேல் கோபம்தான் வரும். 'குலைந்த' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சைகை. ந, க, ர, ம் நான்கையும் இடம் மாற்றுங்கள்: நரகம். பொருளும் எழுத்தும் ஒரே சொல்லில் வந்து நின்றால்தான் விடை சரி; ஊகம் செல்லாது. இந்த நேர்மைதான் எனக்கு இதில் பிடித்ததே.

இங்கிலாந்தின் 'அப்சர்வர்' இதழில் 1926 முதல் இத்தகைய புதிர்களை அமைத்தவர் 'டார்க்கெமாடா' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஸ்பெயினில் மத விசாரணை நடத்திய கொடூரரின் பெயர் அது. ஆக, உங்கள் வேதனைக்கு வயது நூறு!

உங்களுக்கு ஒன்று: 'பாரதி வந்ததும் பொங்கல் மாதம் பிறந்தால் ரசிக்கத்தக்கது (3)'. விடையோடு, அது வந்த வழியையும் எழுதி அனுப்புங்கள்.