ஆணி அடிக்கப் போற அப்புனுக்கு

ஏன்டா அப்புனு, செவுத்துல ஒரு காலண்டர் மாட்டோணும். அவ்வளவுதானே சோலி? அதுக்கு ஒரு டிரில் மிசினு, பொட்டி நெறைய பிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, முட்டிக்கு ஒரு மெத்தைப் பட்டை. காலண்டர் மாட்டறதுல முட்டிக்கு என்னடா வேலை? மண்டி போட்டுக் கும்புட்டுட்டே மாட்டப் போறியா?

சுண்டக்கா காப்பணம், சுமைகூலி முக்காப்பணம்பாங்க. உங்க காலம் அதுலயும் கெட்டி. சுமைகூலி இலவசம்னு சொல்லிச் சொல்லியே சுண்டக்காயை மூட்டையா உன்ர தலையில கட்டிப்போடறாங்க. நீயும் பொட்டியைப் பிரிக்கறதை ஒரு படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பிப்போட்டு, காலண்டரை மறந்துபோட்டுத் தூங்கிப்போறே.

செரி, கோவிச்சுக்காத. உன்ர ஊட்டு வேலையை நீயே செய்யோணும்னு நெனைக்கறே பாரு, அது நல்ல புத்திதான். அம்மி கொத்தச் சிற்பி எதுக்கு? பைப்பு சொட்டறதுக்கு ஆளுக்குச் சொல்லிவிட்டு, அவன் வர்ற வரைக்கும் வாளியை மாத்தி மாத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கறவனை விட நீ எவ்வளவோ தேவலை. வேலைக்கு முன்னால நீ பண்ற சடங்கைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

மிக்ஸியையே எடுத்துக்கோ. தேங்காயைத் தண்ணி உடாம ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டறது. திடீர்னு நின்னுபோகும். உடனே என்ன? மிக்ஸி செத்துப்போச்சு, புதுசு வாங்கோணும்னு ஊடே துக்கம் காக்குது. அதை ஒருக்கா தலைகீழாக் கவுத்துப் பாத்தீங்களா? அடியில ஒரு செவப்புப் பொத்தான் இருக்கும். மோட்டாரு சூடேறினா அது வெளிய துருத்திட்டு மிசினை நிறுத்திப்போடும். கருகாம காப்பாத்தறதுக்குன்னே கம்பெனிக்காரன் வெச்சது. பிளக்கைப் புடுங்கு. செத்த நேரம் ஆறட்டும். பொத்தானை உள்ள அமுக்கு. முடிஞ்சுது. இதுக்கு எத்தனை மிசின்டா குப்பைக்குப் போயிருக்கும்?

ஃபேன் மெதுவாச் சுத்துதா? ரெகுலேட்டரை முறுக்கு முறுக்குன்னு முறுக்கி அது காதைத் திருகாத. முக்காவாசி நேரம் கண்டன்சர் போயிருக்கும். பழசை எடுத்துப் பாரு, மேலயே நம்பர் போட்டிருப்பான். 2.5ன்னு இருந்தா 2.5 வாங்கு. நூறு ரூவாக்குள்ள முடியும். காத்து எச்சா வரட்டும்னு பெரிய நம்பரை மாட்டாத, சுருளு சூடேறிப்போகும். ஏணில ஏர்றதுக்கு முந்தி மெயினை அமத்து. சுவிட்சை அமத்தினாப் போதும்னு நெனைக்காத. வயரிங் பண்ணினவன் எந்த வயரை எதுல மாட்டினான்னு உனக்கெப்படித் தெரியும்?

பைப்பு வேலை இன்னும் லேசு. வாசரு தேஞ்சா வாசரு மாத்தோணும். புது மாதிரிக் குழாய்ன்னா உள்ள இருக்கற ஸ்பிண்டிலை மாத்தோணும். ஆனா மொதல் வேலை மொட்டைமாடில இருந்து வர்ற பைப்போட கேட்வால்வை மூடறது. நீ பாத்த வீடியோவுல அதைச் சொன்னான், நீதான் விளம்பரம்னு தள்ளிவுட்டுட்டே. குழாயைக் கழட்டினதும் தண்ணி மூஞ்சில பீச்சி அடிக்கறப்ப, வீடியோக்காரன் வந்தாடா பைப்பைப் புடிப்பான்? டெஃப்ளான் டேப்பு சுத்தறதும் அப்படித்தான். மரை எந்தப் பக்கம் ஏறுதோ அந்தப் பக்கமே சுத்தோணும். மாத்திச் சுத்தினா முறுக்க முறுக்கப் பிரிஞ்சு வந்துரும். எங்க நாள்ல சணலும் வெள்ளைப் பெயிண்டுந்தான். அதுவும் ஒழுகாமத்தான் இருந்துச்சு.

உனக்கு ஜி.டி. நாயுடுவைத் தெரியுமா? அவினாசி ரோட்டுப் பாலத்து மேல காருல போறீல்ல, அதுக்கு அவரு பேருதான். 1893ல கலங்கல்ல பொறந்தவரு. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்தே வரல. ஒரு நாளு வெள்ளைக்காரன் ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல வர்றதைப் பாத்துப்போட்டாரு. எனக்கும் இது வேணும்னு கோயமுத்தூருக்கு வந்து, ஓட்டல்ல சர்வரா எலை போட்டு, துட்டுத் துட்டாச் சேத்து, அதே வண்டியை 300 ரூவாக்கு வாங்கினாரு. வாங்கினவரு என்ன பண்ணோணும்? ஏறி ஊரைச் சுத்தோணும். அவரு அக்கு அக்காக் கழட்டிப்போட்டாரு. கழட்டி, எது எதுக்குன்னு பாத்து, திரும்பி மாட்டினாரு. பொறவு 1920ல ஒரே ஒரு பஸ்ஸை வெச்சுப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பிச்சாரு. மின்சாரத்துல செரைக்கற கத்தி வரைக்கும் போனாரு மனுசன்.

இதுல நீ கவனிக்க வேண்டியது ‘திரும்பி மாட்டினாரு’ங்கறதை. கழட்டறதுக்கு எவன்டா வேணும்? மூணு வயசுப் புள்ளை கழட்டும். உன்ர அட்டாலில கெடக்குது பாரு ஒரு பழைய ரேடியோ, அதைக் கழட்டினப்ப எத்தனை ஆரவாரம்! இன்னிக்கு அது ரேடியோவும் இல்ல, பழைய இரும்பும் இல்ல. கழட்டறதுக்கு முந்தி ஒரு போட்டோ எடுத்துக்கறது நல்லதுதான், எதுக்குப் பொறவு எதுன்னு தெரியும். ஆனா அந்தப் போட்டோல உன்ர மூஞ்சி எதுக்குடா?

பொட்டில வர்ற அலமாரி இருக்குதே, அது இன்னொரு கூத்து. பலகையும் திருகாணியும் குடுத்து, படம் போட்ட காயிதமும் ஒண்ணு குடுத்துடறான். நீ காயிதத்தை மூலையில போட்டுட்டு முறுக்க ஆரம்பிச்சர்றே. கடைசில ரெண்டு திருகாணி மிச்சம். கம்பெனிக்காரன் எச்சாக் குடுத்திருக்கான்னு சந்தோசம் வேற! அவன் என்ன உன்ர மாமனா, எச்சாக் குடுக்க? ஒரு சமயம் குடுப்பான், இல்லேங்கல. ஆனா அலமாரி ஆடறப்ப அந்தப் பேச்சு எடுபடுமா?

அலமாரின்னதும் ஞாபகம் வருது, ஆசாரிமாரு முன்னால வஜ்ஜிரத்தை அடுப்புல காச்சிக் காச்சித்தான் மரத்தை ஒட்டுவாங்க. நாத்தம் கொடலைப் பொரட்டும். 1959ல ஃபெவிகால் வந்துச்சு, அந்த அடுப்பு அணைஞ்சுது. கொண்டாந்த பல்வந்த்ராய் பரேக் வக்கீலுக்குப் படிச்சவரு. கோர்ட்டுக்குப் போகாம மரக்கடையில பியூன் வேலை பாத்தவரு. ஆசாரி படற பாட்டைப் பக்கத்துல இருந்து பாத்தவனுக்குத்தானே அது தோணும்?

செரி, உன்ர காலண்டருக்கு வருவோம். செவுத்துல ஓட்டை போடறதுக்கு முந்தி சுவிட்ச் பெட்டி எங்க இருக்குதுன்னு பாரு. அதுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் கை வெக்காத, வயரு அந்த வழியாத்தான் போகும். அந்தக் கண்ணாடியை மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன். அண்ணாந்து பாத்து ஓட்டை போட்டா மண்ணு கண்ணுலதான் விழுகும். ஆனா நீ என்ன பண்றே? காலண்டருக்குக் கண்ணாடி போடறே, பொங்கலுக்குச் சுண்ணாம்பு கலக்கறப்ப வெறுங்கண்ணோட குனிஞ்சு பாக்கறே. கல்லுச்சுண்ணாம்பு தண்ணி பட்டாக் கொதிக்கும்டா. தெறிச்சாப் பார்வையே போயிரும். கண்ணாடி அங்கயுந்தான் வேணும்.

மட்டம் பாக்க லேசர் வாங்கோணுமாமா? கண்ணாடியாட்டம் தெரியற ஒரு டியூப்புல தண்ணியை ஊத்தி ரெண்டு முனையையும் புடிச்சா, அக்கட்டயும் இக்கட்டயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். எத்தனை ஊடு அப்படிக் கட்டியிருக்காங்க தெரியுமா? மூலை செரியா இருக்குதான்னு பாக்கோணுமா? ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறி வெய்யி. குறுக்க அளந்தா 5 அடி வரோணும். வரலைன்னா மூலை கோணை. இதுக்கு பேட்டரி வேண்டாம், சார்ஜு வேண்டாம்.

எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்னு மொரண்டும் புடிக்காத. கேஸ் வாசம் வந்தா ஸ்பேனரைத் தேடாத. சன்னலைத் தொற, ரெகுலேட்டரை மூடு, சுவிட்சைத் தொடாத, வெளிய வந்து 1906க்கு போன் அடி. கீசர், மெயின் போர்டு, எர்த்து இதெல்லாம் தெரிஞ்சவன் பாக்கோணும். உசுரு போனா மாட்டறதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடையாது.

இன்னொண்ணு இருக்குது. செவுத்துல ஒரு எடத்துல பூச்சு பேந்துபோச்சுன்னு வெய்யி. நீயே சிமெண்டும் மணலும் கலந்து பூசிப் பாரு. அடிக்கறது பாதி ஒட்டும், பாதி உன்ர காலு மேல விழுகும். ஒட்டினதை மணியாசுக் கட்டையில தேய்ச்சு மட்டம் பண்ணிப்போட்டேன்னு நீ நெனைப்பே. பொழுதோட லைட்டைப் போட்டதும் மேடும் பள்ளமும் பல்லைக் காட்டும். ஆடத் தெரியாதவ கூடம் கோணைன்னாளாமே, அந்த மாதிரி மணல் செரியில்ல, செவுரு செரியில்லன்னு பேசாத. அப்படியே உக்காந்து அதைப் பாரு. போன மாசம் கொத்தனாருகிட்ட அம்பது ரூவாக்கு அரைமணி நேரம் பேரம் பேசினியே, அது ஞாபகம் வருதா? வெய்யில்ல சாரத்து மேல நின்னு, பேசிட்டே, வெத்தலை போட்டுட்டே, அந்தாளு எப்படிடா கண்ணாடியாட்டம் பூசினான்? நூறு வீடியோ பாத்தவனுக்கு வராத புத்தி, ஒரு தடவை கரண்டி புடிச்சவனுக்கு வரும். வேலை வருதோ இல்லியோ, வேலைக்காரனோட மதிப்பு தெரியும். அடுத்த தடவை கூலியைக் கேட்டதும் நீயே எடுத்துக் குடுப்பே, டீயும் வாங்கிக் குடுப்பே.

அதுக்காக உட்டுப்போடாத. பூசின எடம் கோணையா இருந்தாலும் போற வர்றப்ப அதை ஒருக்காத் தடவிப் பாக்கறே பாரு, அந்தச் சந்தோசத்தை எந்தக் கடையில விக்கறான்? ஒறம்பரை வந்தா மொதல்ல அந்த மூலையைத்தான் காட்டுவே. காட்டு, தப்பில்ல. டீ ஆறிப்போறதுக்குள்ள பேச்சை முடி, அது போதும்.

என்ர கயித்துக் கட்டலு தொய்ஞ்சு கெடக்குது. கால்மாட்டுக் கயிறை இழுத்துக் கட்டறதுக்குத் தெம்பான ஆளு ஒண்ணு வேணும். ஞாயித்துக்கெழம வெய்யிலேறறதுக்குள்ள வா, முடி போடறதைச் சொல்லித் தர்றேன். கூலி கெடையாது. கம்மஞ்சோறும் மோரும் உண்டு.