வீட்டுக்கு வீடு மின்வாரியம்

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957இல் பிறந்தது. அரை நூற்றாண்டு ஒரே உடம்பாக இருந்தது. 2010 நவம்பரில் உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் ஒரு நிறுவனம், உயரழுத்தக் கம்பிகளுக்கு இன்னொரு நிறுவனம் என்று பிரித்தார்கள். கடன் குறையவில்லை. 2024இல் உற்பத்தி தனி, பகிர்மானம் தனி, பசுமை மின்சாரம் தனி என்று மறுபடியும் பிரித்தார்கள். இப்படியே பிரித்துக்கொண்டு போனால் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று எந்த ஆலோசனைக் குழுவும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்: வீட்டுக்கு ஒரு வாரியம். அது அமலுக்கு வந்து பல வருஷம் ஆயிற்று. அரசாணை மட்டும்தான் பாக்கி.

உங்கள் வீட்டு வாரியத்தின் தலைமையகம் மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று, அதன் தலையில் ஒரு இன்வெர்ட்டர். உற்பத்திப் பிரிவு என்று எதுவும் கிடையாது. வெட்கப்பட வேண்டாம், பெரிய வாரியமும் தேவையில் பெரும்பகுதியை வெளியே வாங்கித்தான் காலம் தள்ளுகிறது. பகிர்மானம் இரண்டு மின்விசிறி, மூன்று டியூப்லைட், ஒரு மோடம். தலைவர் அப்பா. முதலீட்டு முடிவு அவருடையது, விளைவு மற்றவர்களுடையது. நிர்வாகம் முழுக்க அம்மா. கரண்ட் போன அடுத்த நொடி சுற்றறிக்கை வந்துவிடும்: "ஹால் லைட்ட அணை. ஃபேன ரெண்டுல வை. எல்லாரும் ஒரே ரூம்ல படுங்க." யாராவது மறந்துபோய் மிக்ஸி பட்டனைத் தட்டினால் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தும். "யாருடி மிக்ஸி போட்டது?" என்று விசாரணை கமிஷன் உட்காரும். பாட்டியின் அறைக்கு இன்வெர்ட்டர் லைன் இழுக்கவே இல்லை. கடைக்கோடி கிராமம் எல்லா வாரியத்திலும் உண்டு.

பேட்டரியின் மேல் ஆறு மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை. அது சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். இறங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்பதற்கு இரண்டு வாரியத்திலும் ஒரே மரியாதைதான்.

இந்தப் பெட்டிக்கு 20,000 முதல் 25,000 ரூபாய் வரை கொடுத்திருப்பீர்கள். அதில் அரசாங்கத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று யாரும் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பர் வரை இந்த ஈயப் பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். ஏசிக்குப் போட்ட அதே படிநிலை. இருட்டில் உட்கார மாட்டேன் என்பது ஆடம்பரம் என்று தீர்மானித்திருந்தார்கள். அதில் சரிபாதி, 14 சதவீதம், மாநிலத்தின் பங்கு. அதாவது 12,000 ரூபாய் பேட்டரிக்கு 1,680 ரூபாய், கரண்ட் கொடுக்க முடியாத அதே அரசாங்கத்துக்கு, கொடுக்க முடியாததற்காகவே போய்ச் சேர்ந்தது. உலகத்தில் எந்த வியாபாரிக்கும் வாய்க்காத தொழில் இது: சரக்கு இல்லை என்று கைவிரித்துவிட்டு, எதிர்க்கடையில் நீங்கள் வாங்குவதற்குக் கமிஷன் எடுப்பது. பிறகு 18 ஆகக் குறைத்தார்கள். அதற்குச் சேமிப்புத் திருவிழா என்று பெயரும் வைத்தார்கள்.

சரி, வாங்கியாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள், கடைக்காரர் போட்டுக் காட்ட மாட்டார். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1,800 வாட்-மணி. இரண்டு யூனிட்டுக்குக்கூடக் குறைவு. புது பேட்டரியில் இரண்டு ஃபேனும் மூன்று லைட்டும் நாலைந்து மணி நேரம் ஓடும். மூன்றாவது வருஷம் அதே பேட்டரி இரண்டு மணி நேரத்தில் மூச்சு வாங்கும். அந்த இரண்டு யூனிட்டும் எங்கிருந்து வந்தது? அதே கம்பியிலிருந்துதான். இன்வெர்ட்டர் ஒரு சொட்டு மின்சாரத்தையும் உண்டாக்குவதில்லை, இருக்கும்போது எடுத்துப் பதுக்குகிறது. பதுக்கும்போது கொஞ்சம், வைத்திருக்கும்போது கொஞ்சம், திருப்பித் தரும்போது கொஞ்சம் என்று வழியெல்லாம் சிந்துகிறது. பத்து யூனிட் உள்ளே போனால் ஏழு வெளியே வந்தாலே பெரிய விஷயம். மீதி மூன்றுக்கும் மீட்டர் ஓடுகிறது, பில் வருகிறது. போன கரண்டுக்குத்தான் காசு கிடையாது, போகப்போகும் கரண்டுக்கு முன்பணம் உண்டு.

இது ஒரு வீட்டுக் கணக்கு. தெருவுக்கே இன்வெர்ட்டர் வந்தால் என்ன ஆகும்? கரண்ட் வந்த நிமிஷத்தில் அத்தனை பேட்டரியும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். கூடவே காத்திருந்த மோட்டாரும் ஃபிரிட்ஜும். லோ வோல்டேஜில் ட்யூப்லைட் கண் சிமிட்டும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும், மறுபடி இருட்டு. பற்றாக்குறைக்கு வாங்கிய மருந்து பற்றாக்குறையையே கூட்டுகிறது. மருந்து விற்றவர்களுக்கு மட்டும் உடம்பு தேறிவிட்டது.

2012 இதற்கெல்லாம் பொற்காலம். சென்னைக்கு ஒரு மணி நேர மின்வெட்டு, பிப்ரவரியிலிருந்து இரண்டு மணி நேரம். சென்னையைத் தாண்டினால் அறிவித்தது நாலு மணி நேரம், அந்த வருஷக் கடைசியில் அனுபவித்தது பல ஊர்களில் 14, 16 மணி நேரம். கோவையில் லேத் பட்டறைகள் நின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மொட்டை மாடியில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். முழுதாக ஏற எட்டுப் பத்து மணி நேரம் கேட்கிற பேட்டரி பாதி வயிற்றோடேயே கிடந்து இரண்டு வருஷத்தில் செத்தது. பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் போட்டுப் புதுசு வாங்கினோம்.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், 2011 செப்டம்பரில், விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆட்சி வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தது. ஒருவர் கொடுத்த டிவியில் இன்னொருவர் பேசுவதைப் பார்க்க இருவருமே மின்சாரம் கொடுக்கவில்லை. மூலையில் கிடந்த கிரைண்டரின் மேல் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டோம், உயரம் சரியாக இருந்தது.

அந்தச் சமயத்தில் மின்சாரமே இல்லையா என்றால், இருந்தது. ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வரக் கம்பி போதவில்லை. வடக்கே வாங்கலாம் என்றால் தென்னிந்தியத் தொகுப்பு மற்ற தொகுப்புகளோடு ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதையில்தான். அதுவரை பட்டணத்துக்கு ஒரு நீதி, பட்டிக்காட்டுக்கு ஒரு நீதி என்று இருட்டைப் பங்கு போட்டார்கள். கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியர்க்காத வரை அது மின்வெட்டே இல்லை. பின்னால் நாம் மின்மிகை மாநிலமும் ஆனோம். மேடையில் அறிவித்தார்கள், அந்த மேடைக்கு ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள்.

காரணம் சொல்வதில் மட்டும் நமக்குப் பற்றாக்குறை வந்ததே இல்லை. 2021 ஜூனில் மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, கம்பியில் அணில் ஓடுவதால் கரண்ட் போகிறது என்றார். முந்தைய ஆட்சியில் ஒன்பது மாதம் பராமரிப்பே நடக்கவில்லை, செடிகொடிகள் கம்பியைத் தொட்டு வளர்ந்துவிட்டன, அவற்றின் வழியே அணில் ஏறுகிறது என்பது அவருடைய முழு விளக்கம். நியாயமும் இருக்கலாம், கம்பியில் ஏறுகிற பிராணி ஷார்ட் அடிப்பது உண்மைதான். ஆனால் ஒரு பெரிய மாநிலத்தின் மின்வலை மூன்று விரல்கடை அணிலுக்குத் தாங்கவில்லை என்பதை விளக்கமாகச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுக்க இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததே காரணம் என்றார் அந்நாட்டு எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி. இந்தக் கரையில் அணில், அந்தக் கரையில் குரங்கு. சேது கட்டிய அதே கூட்டணி. அன்றைக்கு ராமர் முதுகில் தடவிக் கொடுத்தார், இன்றைக்கு அமைச்சர்கள் முதுகில் குத்துகிறார்கள்.

வெயிலை நம்பியவர்களின் கதை தனி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். கடன் வாங்கி மாடி நிறையப் பலகை போட்ட ஒருவர் சித்திரை மத்தியானம் கரண்ட் போனதும் நிம்மதியாக ஃபேன் சுவிட்சைப் போடுகிறார். ஓடவில்லை. மேலே வெயில் கொளுத்துகிறது, பலகை பளபளக்கிறது, கீழே மனுஷன் விசிறிக்கொண்டிருக்கிறார். போன் போட்டுக் கேட்டால், "சார், இது ஆன்-கிரிட். லைன்ல கரண்ட் இருந்தாத்தான் இதுவும் ஓடும்" என்பார்கள். கம்பியில் வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயாமல் இருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், அதில் தப்பில்லை. தப்பு, விற்கும்போது இதைச் சொல்லாதது. மின்தடையிலும் ஓட வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், அதற்கு இன்னொரு லட்சத்துக்குக் கிட்டத்தில் ஆகும், மானியம் பலகைக்குத்தான். துண்டறிக்கையில் சூரியன் சிரித்த முகத்தோடு இருந்தார். அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பது கரண்ட் போன பிறகுதான் தெரிகிறது.

மேல்தட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. '100 சதவீத பவர் பேக்கப்' என்று நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலேயே விளம்பரத்தில் போட்டு விற்கிறார்கள். அதற்கடுத்த படியில் லிஃப்ட்டுக்கும் வராந்தாவுக்கும் மட்டும் ஜெனரேட்டர் ஓடும் அடுக்ககம். அதன் புகையும் சத்தமும் மதில் தாண்டி ஓட்டு வீட்டு ஜன்னலுக்குப் போகும், வெளிச்சம் மட்டும் தாண்டாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இந்த வரிசை ஒரு நாள் கலைந்தது. தரைக்குக் கீழே வைத்த ஜெனரேட்டர்கள்தான் முதலில் மூழ்கின. பதினோராவது மாடிக்காரர் குடத்தோடு படியிறங்கி வந்து, கை பம்பு எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டார்.

ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் பொய்யாக்கியது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் தலைகீழாகக் கிடந்தன. பல கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஒரு மத்தியானத்துக்கென்று செய்த இன்வெர்ட்டர் முதல் நாள் ராத்திரியே படுத்துவிட்டது. அப்புறம் ஜெனரேட்டர்காரர்கள் வந்தார்கள். டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இவ்வளவு, வீட்டு மோட்டாருக்கு இவ்வளவு, செல்போன் சார்ஜுக்கு இவ்வளவு என்று ஆளைப் பார்த்து விலை சொன்னார்கள். தோப்பே போனவன் தண்ணீருக்கும் போனுக்கும் காசு கொடுத்தான். வசதி உள்ளவர்கள் சொந்தமாக வாங்கினார்கள். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வீட்டுக்குள் இழுத்து வைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம், அதன் புகையிலிருக்கிற விஷவாயுவுக்கு வாசனைகூட இருக்காது என்று எந்த ஒலிபெருக்கியும் அந்தத் தெருக்களில் சொல்லிக்கொண்டு போகவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை. வாங்கிய ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் சேர்க்க பலர் செய்கிற குறுக்குவழி, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒரு ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரிலிருக்கிற பிளக் பாயிண்ட்டில். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகச் சர்வீஸ் ஒயர் ஏறி, தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்வழியாக நுழையும். 11,000 வோல்ட்டை இறக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் திருப்பி விட்டால் ஏற்றியும் கொடுக்கும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவனின் கைக்கு அது போய்ச் சேரும். ரிட்டர்ன் சப்ளை என்பார்கள் லைனில் வேலை செய்பவர்கள்.

புயலுக்கு மறுநாள் அந்தக் கம்பத்தில் இருப்பவன் யார்? பல பேர் ஒப்பந்தத் தொழிலாளிகள். இடுப்பளவு தண்ணீரில் கம்பத்தைத் தோளில் சுமந்து போவதைப் பத்திரிகைகள் படம் எடுத்துப் போடும், முதல்வர்கள் பாராட்டுவார்கள், தெருவில் பிரியாணி போடுவோம். ஏறுவதற்கு முன் லைனில் எர்த் ராடு மாட்ட வேண்டும், ரப்பர் கையுறை வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் பிரிவு அலுவலகத்தில் இருக்கிறது. செத்தால், கவனக்குறைவு என்று எழுத ஒரு வரி போதும். பேர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று தேட அவன் பெண்டாட்டி அலைய வேண்டும்.

ரிட்டர்ன் சப்ளையைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று ஒன்று எலக்ட்ரிகல் கடையில் விற்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் வாரியக் கரண்ட், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒருநாளும் சந்திக்காது. எந்த வீட்டில் அது இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று வாரியத்துக்குத் தெரியுமா? 2022 நவம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை பிரிவு அலுவலகம்தோறும் முகாம் போட்டார்கள், வீடு வீடாகவும் போனார்கள். இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அநேகமாக ஒன்றையும் விடாமல் துரத்தித் துரத்தி ஆதார் எண் கேட்டு வாங்கினார்கள். சுவிட்ச் இருக்கிறதா என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை.